கார்புரேட்டருக்குள் போய்ச் சேராத மருந்து

சோழவந்தானில் எங்கள் வெற்றிலைக் கொடிக்காலுக்கு, வாய்க்கால் மட்டம் இறங்கிவிடும் நாட்களில், பள்ளத்தில் கிடக்கும் தண்ணீரை ஏற்றிக் கொடுப்பது ஒரு சிறிய பெட்ரோல் பம்ப்தான். ஒரு வருடம் மழை நன்றாகப் பெய்ததால், ஐப்பசியில் டேங்கில் பாதி பெட்ரோலோடு கொட்டகையில் வைத்த பம்பை மாசி வரை தொடவே இல்லை. பங்குனியில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்ததுதான் மிச்சம். அவசரத்தில், பெட்ரோலில் கலந்து அழுக்கைக் கரைக்கும் மருந்தான கிளீனரை ஒரு புட்டி வாங்கி வந்து, சொன்ன அளவைப்போல் இரண்டு மடங்கு டேங்கில் ஊற்றினேன், என்ஜின் அசையவில்லை.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிய பிறகுதான் காரணம் விளங்கியது. அடிக்கிண்ணத்தில் தேன் நிறத்தில் பிசின் படிந்து, பழைய வார்னிஷ் வாடை அடித்தது. பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைத் திருகான ஜெட்டை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், ஊசிமுனை அளவே உள்ள அந்தத் துளையில் வெளிச்சம் துளியும் தெரியவில்லை. பெட்ரோல் ஓடும் வழியில்தான் மருந்தும் ஓடும். வழியே அடைத்துப் போன பிறகு டேங்கில் எவ்வளவு ஊற்றினாலும் அது மேலேயேதான் நிற்கும். அந்த நிலையில் ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

கடைகளில் ஒரே அலமாரியில் இருந்தாலும் பெட்ரோலில் சேர்க்கும் இந்த மருந்துகளில் இரண்டு வகை உண்டு. ஸ்டெபிலைசர் என்பது பெட்ரோல் காற்றோடு சேர்ந்து பிசினாக மாறுவதைத் தாமதப்படுத்துவது; ஆகவே அதைப் புதுப் பெட்ரோலில்தான் சேர்க்க வேண்டும், கெட்டுப்போனதை அது மீட்காது. கிளீனர் என்பது ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினில் படிந்த அழுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பது. பாலிஈதர் அமைன் என்ற அழுக்கு நீக்கும் வேதிப்பொருள் சேர்ந்தவை எரியறைக்குள் இருக்கும் கரியையும் இளக்கும் என்பதால், நான் அதையே பார்த்து வாங்குகிறேன். சிறிய டேங்குக்குக் குத்துமதிப்பாக ஊற்றினால் அளவு மிஞ்சிவிடும் என்பதால், ஊசி போடும் சிரிஞ்சில் மில்லிலிட்டர் கணக்கில் அளந்தே சேர்க்கிறேன். பூச்சிமருந்து அடிக்கும் பவர் ஸ்பிரேயர், பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றும் டூ-ஸ்ட்ரோக் வகை என்றால், கிளீனர் ஊற்றுகிறோம் என்று அந்த 2டி ஆயிலைக் குறைத்துவிடக் கூடாது, பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிடும்.

இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுத்து, அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் தனியே இறங்கிவிடும். கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பார்த்து, இரண்டு அடுக்காகத் தெரிந்தால் மருந்து தேடாமல் மொத்தத்தையும் வடித்துவிடுவதே நல்லது. ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் படகு வைத்திருக்கும் என் மாமா மகனுக்கு இந்தத் தொல்லை அதிகம், கடற்காற்றின் ஈரம் அப்படி. அதனால் அவர் படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டாருக்குப் போகும் பெட்ரோல் குழாயில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரைப் போட்டுவிட்டு, அதன் பிறகே இந்த மருந்துகளைப் பற்றி யோசிக்கிறார். அந்த வரிசைதான் சரி.

அடுத்த ஐப்பசியில் டேங்கை நிறையப் புதுப் பெட்ரோலால் நிரப்பி, ஸ்டெபிலைசரை அளந்து விட்டு, அது ஜெட் வரை இறங்கட்டும் என்று பத்து நிமிடம் ஓடவிட்டேன். பிறகு பெட்ரோல் குழாயை மூடி, என்ஜின் தானாக அடங்கும்வரை காத்திருந்து, கிண்ணத்தின் வடி திருகையும் திறந்து மிச்சத்தை இறக்கினேன். பங்குனியில் இரண்டாவது இழுப்பிலேயே பம்ப் பிடித்துக்கொண்டது.