நீல அட்டை நோட்டு

ஆன்லைன் புக்கிங் வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் எங்கள் ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற, செல்களை எண்ணி வகை பார்க்கிற கருவியின் பக்கத்தில், யார் எப்போது ஓட்டினார்கள் என்று எழுத நீல அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு ஒன்று இருக்கிறது. அதனுடன் ஒரு பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன். பொது லேபில் வைத்த பேனா சாயங்காலம் வரை இருந்ததாகச் சரித்திரமே கிடையாது.

தென் சென்னையில் ஓர் உயிர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் பொதுக் கருவிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். எல்லோரும் ‘கோர்’ என்றுதான் சொல்வார்கள். இரண்டு ஃப்ளோ சைட்டோமீட்டர், ஒரு செல் சார்ட்டர், ஒரு கன்ஃபோகல் மைக்ராஸ்கோப், ரியல் டைம் பி.சி.ஆர், மைனஸ் 80 ஃப்ரீசர்கள், திரவ நைட்ரஜன் தொட்டி. ஒவ்வொன்றும் லட்சங்களிலும் கோடிகளிலும் விலை. ஆளுக்கொன்று வாங்க எந்தப் பேராசிரியரின் கிராண்ட்டும் தாங்காது. அதனால் நிறுவனமே ஒன்று வாங்கி, மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்து, எல்லோருக்கும் பொதுவாக விட்டிருக்கிறது. மாணவர்களுக்கு நான் அக்கா. மூத்த பேராசிரியர்களுக்கு ‘ஏம்மா’. சர்வீஸ் இன்ஜினியருக்கு மேடம். செக்யூரிட்டி அண்ணனுக்கு ‘லேப் மேடம்’.

புதிதாகச் சேர்கிற மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது முதலில் கருவியைப் பற்றிப் பேச மாட்டேன். 1986இல் இந்த ஊரில் நடந்ததைத்தான் சொல்வேன். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனீதி சாலமனின் மாணவி செல்லப்பன் நிர்மலா, எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்க ரத்த மாதிரிகள் திரட்டினார். அப்போது அந்தச் சோதனையைச் செய்ய சென்னையில் வசதி இல்லை. மாதிரிகளை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டு போனார். அங்கே ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாக மாறின. நம் நாட்டில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று தெரிந்தது அப்படித்தான். இன்னொரு ஊர்க்காரர்கள் தங்கள் கருவியைத் திறந்துவிடாமல் இருந்திருந்தால் அது தெரிய இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ. இதைக் கேட்டதும் பிள்ளைகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். சட்னி பாத்திரத்துக்குப் பக்கத்தில் ரத்தக் குழாயா என்று ஒருவன் வருடா வருடம் கேட்பான்.

சரி, நோட்டுக்கு வருகிறேன்.

ஃப்ளோ சைட்டோமீட்டர் செய்கிற வேலை சொல்வதற்கு எளிது. செல்களை ஒரு மெல்லிய நீரோட்டத்தில் வரிசையாக ஒவ்வொன்றாக ஓடவிட்டு, மேலே லேசரை அடிப்பது. ஒளி நேரே சிதறுவதை வைத்து செல்லின் அளவையும், பக்கவாட்டில் சிதறுவதை வைத்து உள்ளே எவ்வளவு துகள் இருக்கிறது என்பதையும் ஊகிக்கலாம். குறிப்பிட்ட வகை செல்லில் போய் ஒட்டிக்கொள்கிற ஆன்டிபாடியுடன் சாயம் சேர்த்திருந்தால் அது என்ன நிறத்தில் மின்னுகிறது என்று பார்த்து, இது எந்த வகை செல் என்று சொல்லிவிடலாம். ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான செல்கள் கடந்துவிடும். அந்த வரிசையில் நாலைந்து செல்கள் கட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தால்தான் வம்பு. வழி அடைத்துக்கொள்ளும். அதனால்தான் மாதிரியைக் கருவியில் வைக்கும் முன் 40 மைக்ரான் வலையில் வடிகட்டச் சொல்கிறோம். காபி வடிகட்டுவதை விடச் சுலபம், அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடிக்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு மாணவி கட்டித் திசுவிலிருந்து பிரித்த செல்களை வடிகட்டாமல் ஓட்டியிருக்கிறாள். பாதியில் எண்ணிக்கை தாறுமாறாகக் குதித்திருக்கிறது. பயந்துபோய் சாஃப்ட்வேரை மூடிவிட்டு, ப்ளீச்சும் ஓட்டாமல், தண்ணீரும் ஓட்டாமல் கிளம்பிவிட்டாள். நோட்டில் பெயர், நேரம், கையெழுத்து என்று மூன்று கட்டமும் சுத்தமாக நிரப்பியிருந்தது. ராத்திரி முழுக்க அந்தச் செல் குப்பை குழாய்க்குள் காய்ந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு வந்தேன். லேசர்களைப் போட்டு அரை மணி நேரம் சூடாக விட்டு, கருவியின் தரம் பார்க்க, ஒரே அளவில் செய்த நுண்மணிகளை ஓட்டினேன். திரையில் ஊசி போல மெல்லியதாக எழ வேண்டிய கோடு, தோசைக்கல்லில் ஊற்றிய மாவு மாதிரி பரந்து கிடந்தது. பத்து மணிக்கு ஒரு மருத்துவமனையிலிருந்து எலும்பு மஜ்ஜை மாதிரி வரப் போகிறது என்று எனக்குத் தெரியும். சிகிச்சைக்காக எடுத்ததில் மீந்த இரண்டு மில்லிலிட்டர், ஆராய்ச்சிக்கென்று குடும்பத்திடம் சம்மதம் வாங்கியது. அது வந்தது. ஐஸ் பெட்டியோடு அந்தப் பையன் வாசலில் நிற்கிறான். உள்ளே நான் பின்னோட்டமாகத் தள்ளிப் பார்க்கிறேன், ப்ளீச் விட்டுப் பார்க்கிறேன், கிளீனிங் சொல்யூஷன், வெந்நீர், மறுபடி நுண்மணிகள். கருவி சரியாகும்போது மணி மூன்றரை. அதற்குள் மாதிரியில் இறந்துபோன செல்களின் விகிதம் ஏறிவிட்டிருந்தது. தரவு எதற்கும் உதவவில்லை.

ஸ்லாட் போனால் அடுத்த வாரம் இன்னொன்று கொடுக்கலாம். ஒரு குழந்தையின் இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுத்ததை எந்த போர்ட்டலில் போய் மறுபடி புக் பண்ணுவது?

அன்று நான் கத்தினேன். அந்த மாணவியை மற்றவர்கள் முன்னாலேயே நிறுத்தி வைத்துக் கத்தினேன். என் பக்கம் நியாயம் இருந்தது, அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அதன் பலன் என்னவாயிற்று என்பதுதான் விஷயம். அடுத்த மூன்று மாதம் நோட்டு பளிச்சென்று இருந்தது. ஒரு புகார் இல்லை, ஒரு கேள்வி இல்லை, ‘அக்கா, ஏதோ சத்தம் வருது’ என்று எட்டிப் பார்த்துச் சொல்ல ஒரு தலை இல்லை. கருவி மட்டும் மாதத்துக்கு இரண்டு தடவை காரணம் தெரியாமல் படுத்தது. லாக் ஃபைலைத் திறந்து யார் எப்போது என்ன செய்தார்கள் என்று போலீஸ்காரி மாதிரி தோண்டிக்கொண்டிருந்தேன். மூன்று மாதமும் பிள்ளைகள் கருவியைப் பார்த்துப் பயப்படவில்லை, என்னைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்கள். இது எனக்கு உறைக்க சர்வீஸ் இன்ஜினியர் வர வேண்டியிருந்தது. “மேடம், நான் போற லேப்ல எல்லாம் முதல்ல ஆபரேட்டர் முகத்தைத்தான் பார்ப்பேன். சிடுசிடுன்னு இருந்தா மிஷின் உள்ளாற நிறைய மறைஞ்சிருக்கும்” என்று ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே சொன்னார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். கோபம் ஆற இரண்டு நாள் ஆயிற்று.

அப்புறம் புது நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்து நாலாவதாக ஒரு கட்டம் போட்டேன். தலைப்பு: ‘என்ன சொதப்பினேன்’. முதல் பக்கத்தில், ‘இதில் எழுதுகிறவரிடம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எழுதாமல் விட்டு நான் கண்டுபிடித்தால் ஒரு மாதம் ஸ்லாட் கிடையாது’ என்று எழுதி இயக்குநரிடம் கையெழுத்து வாங்கினேன். ‘சொதப்பல்’ என்பது அலுவலகத் தமிழா என்று அவர் கேட்டார். வேறு சொல் போட்டால் யாரும் எழுத மாட்டார்கள் சார் என்றேன்.

முதல் ஒரு மாதம் காலி. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ‘ஷீத் ஃப்ளூயிட் தீர்ந்தது பார்க்கவில்லை, காற்று உள்ளே போய்விட்டது.’ செல்களைச் சுமந்து ஓடுகிற நீர்தான் அது. ‘ஒற்றைச் சாயக் கன்ட்ரோல் கொண்டுவரவில்லை, எட்டு நிறமும் ஒன்றோடொன்று கலந்துவிட்டது.’ ஒரு சாயத்தை மட்டும் ஏற்றிய மாதிரிதான் அந்தக் கன்ட்ரோல்; அது இல்லாமல் ஓட்டுவது தராசை நேராக்காமல் காய் நிறுக்கிற வேலை. எட்டு மணி நேரம் சாயமேற்றிவிட்டு அதை மட்டும் மறந்துவிட்டு வருவார்கள். ‘கன்ஃபோகலில் ஆயில் லென்ஸைத் துடைக்காமல் போய்விட்டேன், பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பி வந்து துடைத்தேன்.’ இதை எழுதியவன் மத்திய கைலாஷ் சிக்னல் வரை போய்த் திரும்பியிருக்கிறான். கன்ஃபோகல் அறையில் எனக்கு வேறொரு பயமும் உண்டு, பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகையில் ஏசி ஒரு ராத்திரி நின்றால் போதும், நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸ் கண்ணாடியில் கோலம் போட ஆரம்பித்துவிடும்.

பொதுவில் இருப்பதிலேயே சிக்கலானது ஃப்ரீசர்தான். சைட்டோமீட்டரையாவது ஒரு நேரத்தில் ஒருவர் தொடுவார். மைனஸ் 80 பெட்டிக்குள் பதினோரு ஆய்வகங்களின் பத்து வருட உழைப்பு ஒரே குளிரில் அடுத்தடுத்துக் கிடக்கிறது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்று ராத்திரி ஏரியா முழுக்கக் கரண்ட் இல்லை, தெருவில் இடுப்பளவு தண்ணீர். நானும் ஓர் உதவியாளரும் முந்தின நாளே வந்து லேபில் தங்கிவிட்டோம். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரை மணிக்கு அது இருமி இருமி நின்றது. டீசல் தீர்ந்துவிட்டது. கீழிருந்து செக்யூரிட்டி அண்ணன் டார்ச்சோடு ஓடி வந்தார். “லேப் மேடம், பெட்டி எல்லாம் கத்துது!”

கத்தத்தான் செய்யும். மின்சாரம் போனால் பேட்டரியில் அலாரம் அடிக்கும். பெட்டி நிரம்பியிருந்து கதவைத் திறக்காமலும் இருந்தால் சில மணி நேரம் குளிர் தாங்கும். திறந்தால் உள்ளே இருக்கிற குளிர்ந்த காற்று காலில் கொட்டிவிடும், சென்னையின் ஈரக்காற்று உள்ளே ஏறிவிடும். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, எதையும் செய்யாமல் இருப்பது. அது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டே காலுக்கு ஒரு பேராசிரியர் போன் பண்ணினார். “ஏம்மா, மூணாவது ஃப்ரீசர்ல ரெண்டாவது தட்டு என்னோடது. அந்த ஒரு ராக்கை மட்டும் எடுத்து நைட்ரஜன் தொட்டில போட்டுடேன். ஒரு நிமிஷ வேலை.”

“சார், கதவைத் திறந்தா மத்தவங்க சாம்பிளும் சூடாகும்.”

“என்னோடது பேஷன்ட் சீரம்மா. திரும்பக் கிடைக்காது.”

“எல்லாருதும் அப்படித்தான் சார்.”

அவர் போனை வைத்துவிட்டார். என்னை அவருக்குப் பத்து வருடமாகத் தெரியும், வார்த்தைக்கு வார்த்தை அம்மா போடுகிறவர். அன்று வைத்த வேகத்தில் எனக்குக் கண் கலங்கியது. உதவியாளர் ஐந்து ஃப்ரீசர் கதவிலும் பிளாஸ்திரி ஒட்டி, மேலே ஸ்கெட்ச் பேனாவில் ‘திறக்காதே’ என்று எழுதினார். யாருமே இல்லாத கட்டடத்தில் யாருக்கு எழுதுகிறோம் என்று கேட்டேன். “நமக்குத்தான் மேடம்” என்றார். நாலே காலுக்குப் பராமரிப்புப் பிரிவு ஆட்கள் இரண்டு கேன் டீசலைத் தலையில் சுமந்து தண்ணீரில் நடந்து வந்தார்கள். மூன்றாவது ஃப்ரீசரில் அப்போது மைனஸ் 61. அந்தப் பேராசிரியர் மூன்று வாரம் என்னிடம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் தானாக வந்து, டீசல் இருப்புக்கு யார் பொறுப்பு என்று எழுதி வைக்கச் சொன்னார். எழுதியிருக்கிறோம்.

பணக் கணக்கைப் பற்றிப் பேசினால் இன்னொரு கட்டுரை ஆகும். உள்ளே இருப்பவருக்கு ஒரு கட்டணம், வெளிக் கல்லூரிக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று. ‘கோர்தானே, இலவசமாகச் செய்யக் கூடாதா’ என்று மாதம் ஒருவர் கேட்பார், லேசருக்கு வருடாந்தர பராமரிப்பு ஒப்பந்தம் யார் கட்டுவது என்று நான் கேட்பேன், பேச்சு முடிந்துவிடும். 2020 ஜனவரியில் மத்திய அரசு ஐ-ஸ்டெம் என்ற இணையதளத்தைத் தொடங்கியது. எந்த நிறுவனத்தில் என்ன கருவி இருக்கிறது என்று நாட்டில் எங்கிருந்தும் தேடிப் பார்க்கலாம். நல்ல விஷயம். அதைப் பார்த்துவிட்டுத் தென் மாவட்டக் கல்லூரிகளிலிருந்தெல்லாம் பிள்ளைகள் ராத்திரி பஸ் பிடித்து வருகிறார்கள். கருவியைப் பட்டியலில் ஏற்றுவதற்குக் காட்டுகிற அவசரத்தில் பாதியை, அதை ஓட்டுகிற ஆளுக்கு நிரந்தர வேலை கொடுப்பதிலும் காட்டலாம் என்பது என் எண்ணம். என் உதவியாளருக்குப் பதினொரு மாதத்துக்கு ஒரு முறை கான்ட்ராக்ட் புதுப்பிக்கிறார்கள். பிளாஸ்திரி ஒட்டியது அவர்தான்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. மகளுக்குப் பள்ளியில் ஆண்டு விழா, ஐந்து மணிக்குள் பறக்கும் ரயிலைப் பிடிக்க வேண்டும். கழிவுக் கேனை நானே காலி செய்து, கழுவி, மாட்டிவிட்டு ஓடினேன். புதுக் கேன் மாட்டும்போது அடியில் ப்ளீச் ஊற்றி வைக்க வேண்டும், அப்போதுதான் கருவியிலிருந்து வழிகிற ரத்தக் கழிவில் கிருமி இருந்தால் சாகும். பயிற்சியில் நான் மூன்று தடவை அழுத்திச் சொல்கிற விஷயம். திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் கேன் முக்கால்வாசி நிரம்பியிருக்கிறது, ப்ளீச் வாடையே இல்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆட்கள் கருவியை ஓட்டியிருக்கிறார்கள். துப்புரவு செய்யும் அம்மா கையுறையை மாட்டிக்கொண்டு கேனைத் தூக்கக் குனிந்துகொண்டிருந்தார். “தொடாதீங்கம்மா!” என்று நான் போட்ட சத்தத்தில் அவர் பயந்து பின்னால் நகர்ந்தார்.

ப்ளீச் ஊற்றி, நேரம் விட்டு, நானே கொட்டினேன். அவரிடம் நடந்ததைச் சொன்னேன். “பரவால்ல கண்ணு” என்றார். அது பரவாயில்லாத விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். பிறகு நோட்டை எடுத்தேன். யார் கண்ணிலும் படவில்லை, எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நேரத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. நாலாவது கட்டத்தில் எழுதினேன்: ‘கழிவுக் கேனில் ப்ளீச் ஊற்ற மறந்தேன். இரண்டரை நாள். துப்புரவு அம்மா கை வைக்கும் முன் பார்த்தேன்.’ பெயர், நேரம், கையெழுத்து.

மறுநாள் காலை நோட்டைத் திறந்தபோது என் வரிக்குக் கீழே, கோட்டுக்கு வெளியே, சின்ன எழுத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: ‘போன ஜூன்ல நானும் அக்கா. அப்ப எழுதல.’

யார் கையெழுத்து என்று எனக்குத் தெரியும். போய்க் கேட்கவில்லை. கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது, பேனாவைக் காணோம்.