டுரியான் மரத்துக்கும் பால்மரத்துக்கும் நடுவே

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு டுரியான் மரம். வேலிக்கு அந்தப் பக்கம், தோட்டத்தைச் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாற்றியபோது எப்படியோ தப்பித்த ஒற்றைப் பால்மரம், அதாவது ரப்பர் மரம். நடுவே 28 மீட்டர். டேப் பிடித்து அளந்த அன்றே என் அமெச்சூர் ரேடியோவில் 40 மீட்டர் பேண்டுக்கான (7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கான) டைபோல், அதாவது இருபாதிக் கம்பி ஆன்டெனா, இங்கேதான் என்று முடிவாகிவிட்டது.

கணக்கு சுலபம். 143-ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அலைவரிசையால் வகுத்தால் கம்பியின் மொத்த நீளம் மீட்டரில் வந்துவிடும். 7.1-க்கு 20 மீட்டர் சொச்சம். அதை நடுவில் வெட்டி, ரேடியோவிலிருந்து வரும் கேபிளின் உள்கம்பியை ஒரு பாதியிலும் வெளிப்பின்னலை மறுபாதியிலும் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். குறைந்தால் ஒட்டுப்போடுவது தொல்லை என்று பக்கத்துக்கு 10.3 மீட்டர் விட்டேன்.

கயிற்றை மேலே ஏற்றுவதுதான் பெரும்பாடு. லாஸ்டிக்கில் (கவண்வில்லில்) ஈயக்குண்டு, அதன் வாலில் தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு). முதல் குண்டு பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் விழுந்தது. இரண்டாவது கிளையில் சிக்கிக்கொண்டது, இன்னும் அங்கேதான் இருக்கிறது. மூன்றாவது, 12 மீட்டர் உயரக் கவையைத் தாண்டி இறங்கியது. கூடவே முசுறும் இறங்கி என் கழுத்தைப் பதம் பார்த்தது.

இரண்டு முனையையும் விறைப்பாக இழுத்துக் கட்டினேன். அடுத்த வாரமே மதிய மழைக்காற்றில் கம்பி படாரென்று அறுந்தது.

சத்தம் கேட்டு வந்தார் பக்கத்து வீட்டுத் தாத்தா, பால்வெட்டு வேலை பார்த்தவர். "மரம் ஆடுமில்ல தம்பி? லயத்துல ரேடியோ கம்பிய நாங்க தொங்கலாத்தான் கட்டுவோம்" என்றார். அப்புறம் அவரே ஒரு பழைய கப்பியும் பெயிண்ட் டின்னும் கொண்டுவந்தார். டுரியான் பக்கம் முடிச்சு. பால்மரத்துப் பக்கம் கயிறு கப்பி வழியாக இறங்கி, கல் நிரப்பிய டின்னில் முடிகிறது. காற்றடித்தால் டின் கிணற்று வாளிபோல ஏறி இறங்கும், கம்பிக்கு ஒன்றும் ஆகாது.

ஆன்டெனா எந்த அலைவரிசைக்குப் பொருந்துகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர், 7.1-க்குப் பதில் 6.9-இல் தாழ்ந்து நின்றது. பக்கத்துக்கு 25 சென்டிமீட்டர் நறுக்கியதும் சரியாகிவிட்டது. 12 மீட்டர் இந்த அலைக்குத் தாழ்வுதான். சிக்னல் பெரும்பாலும் செங்குத்தாகப் போய்த் திரும்பி விழுகிறது. அதனால் பகலில் நாட்டின் தென்கோடி ஜொகூர் பக்கத்து வீடுபோலக் கேட்கிறது. தாத்தாவுக்கு அது பெரிதில்லை, "மெட்ராஸ் எடுக்குமா?" என்கிறார். ராத்திரி வரச் சொல்லியிருக்கிறேன்.

மூன்று மணிக்கு வானம் கறுத்தால் மனைவி துணி எடுக்க ஓடுவாள், நான் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட ஓடுவேன். இடி இந்த ஊரில் சொல்லிக்கொண்டு வருவதில்லை.