கோபர் கேஸுக்கு கார்பன் கிரெடிட் பதிவு பண்ண அனுபவம்

கிருஷ்ணகிரி பக்கம் மாடு வச்சிருக்கிற வீடுகளுக்கு கோபர் கேஸ் போட்டுக் குடுக்கிற சின்ன அமைப்பு எங்களது. மராமத்துக்கு காசு புரட்ட வழியில்லாம தான் கார்பன் கிரெடிட் பக்கமே போனோம், அதாவது புகைய குறைச்சதுக்கு கிடைக்கிற சான்று, அத வித்து காசாக்கலாம். கோல்ட் ஸ்டாண்டர்ட்ல பதிவுன்னு முடிவாச்சு, விதி வச்சு இந்த கிரெடிட்ட குடுக்கற அமைப்பு அது, 2003ல டபிள்யூடபிள்யூஎஃப்பும் இன்னும் சில அமைப்புகளும் சேந்து ஆரம்பிச்சது, ஆபீஸ் ஜெனீவால. விறகு எவ்ளோ மிச்சம்ங்கிற கணக்கு தான் தலைவலியா இருக்கும்னு எல்லாரும் பயமுறுத்துனாங்க, அத கன்சல்டன்ட் போட்டுக் குடுத்துட்டார், எங்க உயிர வாங்குனது நிர்வாக விதிங்க தான்.

மொதல்ல ஊர்க்கூட்டம். சும்மா கையெழுத்து வாங்கி போட்டோ எடுத்தா ஆகாது, யார் என்ன கேட்டாங்க, நாம என்ன பதில் சொன்னோம்னு எழுதிக் குடுக்கணும். மகளிர் குழு அக்கா ஒருத்தங்க எந்திரிச்சு, "சாணி எங்க மாட்டுது, அடுப்பு எங்க வீட்டுல எரியுது, கிரெடிட் மட்டும் எப்படி தம்பி உங்களுது?"ன்னு கேட்டுட்டாங்க. நியாயம் தானே. ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு சமமா புகை குறைஞ்சா ஒரு கிரெடிட், அந்த உரிமைய வீட்டுக்காரங்க தெரிஞ்சே எங்களுக்கு எழுதிக் குடுக்கணும், பதிலுக்கு மராமத்து எங்க பொறுப்புன்னு தமிழ்லயே ஒரு தாள் அடிச்சு, படிக்கத் தெரியாதவங்களுக்கு வாசிச்சும் காட்டி தான் கையெழுத்து வாங்குனோம்.

அப்புறம் குறை எழுதற நோட்டு. திட்டம் ஓடற வரைக்கும் ஆளுங்க கைக்கு எட்டற எடத்துல இருக்கணும், நாங்க பால் சொசைட்டில கட்டித் தொங்க விட்டோம், காலைல எப்படியும் எல்லாரும் அங்க தான வருவாங்க. பர்னர் துருப்பிடிச்சுது, மேஸ்திரி வர்றேன்னு சொல்லி வரலன்னு நல்லாவே கிழிச்சிருந்தாங்க. அதக் காட்டலாமா வேணாமான்னு ஆபீஸ்ல ஒரே வாக்குவாதம், ஆனா வந்த ஆடிட்டர் மொதல்ல கேட்டதே அந்த நோட்டு தான், ஒவ்வொரு குறைக்கும் என்னைக்கு சரி பண்ணீங்கன்னு தேதி வாரியா கேட்டார்.

எனக்கு உறுத்துனது வேற. ஆடிட்டர் தனி ஆளா இருக்கணும், கன்சல்டன்ட் வேலை பாத்தவங்களே ஆடிட் பண்ணக் கூடாதுன்னெல்லாம் விதி இருக்கு, ஆனா அவருக்கு பீஸ் குடுக்கறது நாங்க தான்! கோல்ட் ஸ்டாண்டர்டுக்கும் கிரெடிட் வெளியாக வெளியாக பீஸ் வருது. நல்ல கிரெடிட் எப்படி இருக்கணும்னு வரையறுக்கற இன்டெக்ரிட்டி கவுன்சில்ங்கிற அமைப்பு 2023ல வெளியிட்ட பத்து கொள்கைல நிர்வாகத்த மொத இடத்துல வச்சது சரின்னு தான் தோணுது. ஒரே ஆறுதல், எங்க பேப்பர், கணக்கு எல்லாம் ரெஜிஸ்ட்ரில, அதாவது அவங்க ஆன்லைன் பதிவேட்டுல, யார் வேணா பாக்கலாம், ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் சீரியல் நம்பர் உண்டு, ஒருத்தர் அத தன் புகைக்கு ஈடா கணக்குல கழிச்சுட்டா மறுபடி விக்க முடியாது.

இப்ப மொத வெரிஃபிகேஷன் ஓடுது, நெசமாவே புகை குறைஞ்சுதான்னு ஆடிட்டர் நேர்ல பாக்கறது. எந்த வீட்டுக்குப் போறதுன்னு ஆடிட்டரே பட்டியல்லேர்ந்து எடுக்கறார், நல்லா எரியற வீட்டுக்கா கூட்டிட்டுப் போலாம்ங்கிற பேச்சுக்கே எடமில்ல, அதனால எங்க மேஸ்திரி இப்ப கூப்பிட்ட அன்னைக்கே போயிடறார்.