கேஸ் அடிக்கிறவனுக்கு எதுக்கு சர்டிபிகேட்?

"இத்தனை வருஷமா ஏசி பார்க்கிற, இப்போ போய் கிளாஸ்ல உட்காரப் போறியா?" என்று கேட்டார் காட்பாடியில் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன், ஏசிக்குள் ஓடும் குளிர் கேஸைக் கையாளும் சான்றிதழ் வகுப்பில் சேரப் போகிறேன் என்றதும்.

நியாயமான கேள்விதான். ஏசி ரிப்பேருக்குப் போகிறவனிடம் நம் ஊரில் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. அமெரிக்காவில் கேஸைக் கையாளுகிறவர்களுக்கான 608 சான்று இல்லாதவனுக்கு கேஸ் விற்கக் கூடாது என்றே சட்டம் இருக்கிறது. இங்கே காசைக் கொடுத்தால் சிலிண்டர் வண்டியில் ஏறிவிடும். நான் போனதற்குக் காரணம் வேறு. எனக்குப் பாதி வேலை வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்து லாட்ஜ்களில்தான். அங்கே இப்போது புதிதாக மாட்டுகிற ஸ்பிளிட் ஏசியில் பெரும்பாலும் ஆர்-32 கேஸ். பழைய ஆர்-22 மாதிரி இல்லை, இது லேசாகப் பற்றிக்கொள்ளக் கூடிய கேஸ். ரூமுக்கு ரூம் நோயாளிகள் படுத்திருக்கிற கட்டடத்தில் நெருப்பு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குத்துமதிப்பாக வேலை பார்க்க மனசு ஒப்பவில்லை.

வேலை தெரிந்தவர்களுக்கு ஆர்பிஎல் என்று ஒரு வழி உண்டு, ஏற்கெனவே இருக்கும் அனுபவத்தைச் சோதித்துச் சான்று தருவது. ஆரம்பத்திலிருந்து படிக்க வேண்டாம், சுருக்கமான வகுப்பும் தேர்வும்தான். ஆதார், அதோடு இணைத்த போன் நம்பர், பேங்க் பாஸ்புக், போட்டோ போதும். மார்க்‌ஷீட்டில் இனிஷியல் முன்னாலும் ஆதாரில் பின்னாலும் இருந்தால் அதை முதலில் சரி செய்துவிடுங்கள். குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு தம்பிக்கு சான்றிதழ் இழுத்தடித்ததே இதனால்தான். அக்னி நட்சத்திரத்தில் சேராதீர்கள், சம்பாத்தியம் போய்விடும். ஐப்பசி மழைதான் தோதான நேரம்.

முதல் வகுப்பில் ஓசோன், அதைக் காக்கப் போட்ட 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம், பூமியைச் சூடாக்கும் கேஸ்களைக் குறைக்க அதில் செய்த 2016 கிகாலி திருத்தம், 2030-க்குள் ஆர்-22-ஐ விட்டொழிப்பது என்று போய்க்கொண்டிருந்தது. பின் வரிசையில் கொட்டாவிதான். ஆனால் ஏசியில் போடும் ஆர்-410ஏ கேஸை ஒரு கிலோ மொட்டை மாடியில் திறந்துவிட்டால் இரண்டு டன் கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம் என்றதும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஆர்-32-க்கு அந்தக் கணக்கு கார்பன் டை ஆக்சைடைப் போல 675 மடங்கு, ஆர்-290 கேஸுக்கு வெறும் 3 மடங்கு. அது சரி, 290 என்பது புரொப்பேன், நம் சமையல் சிலிண்டரில் கலந்திருக்கிற அதே சமாசாரம். காற்றில் 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே கலந்தாலே பற்றும். காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தேங்கும். அதனால் லீக் பார்க்க சோப்பு நுரை, பைப்பைக் கழற்ற கட்டர். கேஸ் இருக்கிற இடத்தில் நெருப்பு கூடவே கூடாது.

எனக்கு உண்மையான பலன் கிடைத்தது வேக்கம் வகுப்பில்தான், அதாவது பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பது. கேஜ் முள் மைனஸ் 30-ல் படுத்துவிட்டால் வேக்கம் ஆச்சு என்பதுதான் ஃபீல்டில் வழக்கம். உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தத்தை நுணுக்கமாக அளக்கும் மைக்ரான் கேஜை மாட்டிக் காட்டினார்கள், எண் குறையக் குறைய நல்லது. முள் எப்போதோ படுத்துவிட்டது, மைக்ரான் கேஜோ 5000-க்கு மேல் காட்டிக்கொண்டிருந்தது. 500-க்குக் கீழே வர பம்ப் இன்னும் வெகு நேரம் ஓட வேண்டியிருந்தது. அப்புறம் வால்வை மூடிவிட்டு எல்லோரும் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம். மெல்ல ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக். எங்கள் யூனிட் 1300 பக்கம் போய் நின்றது. மறுபடி பம்ப். 410, 32 கம்ப்ரசர்களில் இருக்கும் ஆயில் ஈரத்தோடு சேர்ந்தால் ஆசிட் ஆகி, உள்ளே இருக்கும் மோட்டார் வைண்டிங்கை அரித்துவிடும். புது கம்ப்ரசர் போச்சே என்று கம்பெனியைத் திட்டுவதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, நைட்ரஜன். ஒரு ஜாயின்ட்டை நைட்ரஜன் மெல்ல ஓடவிட்டும், இன்னொன்றை வெறுமனேயும் பிரேசிங் செய்து (செம்புப் பைப்பைச் சூடாக்கி உலோகம் உருக்கி ஒட்டுவது), இரண்டையும் நீளவாக்கில் அறுத்துக் கையில் கொடுத்தார்கள். ஒன்றின் உள்பக்கம் செம்பு பளபளவென்று இருந்தது. மற்றதில் கருப்புச் செதில், நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. அது நேராகப் போய் கேப்பிலரி என்கிற மெல்லிய குழாயில்தான் அடைக்கும்.

தேர்வுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. டேப்லெட்டில் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள், அப்புறம் பைப் முனையை விரித்து ஃபிளேர் போடுவது, பிரஷர் டெஸ்ட், எடை போட்டு கேஸ் சார்ஜ் செய்வது. 410ஏ இரண்டு கேஸின் கலவை, அதனால் திரவமாகத்தான் இறக்க வேண்டும் என்பதைக் கட்டாயம் கேட்பார்கள். திரும்ப எடுக்கும் கேஸை சிலிண்டரில் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது, ஏன் என்றும் கேட்டார்கள். வேலூர் மே மாத வெயிலில் சிலிண்டரை மாடியில் வைத்தவனுக்கு அந்தப் பதிலைச் சொல்லித்தர வேண்டியதில்லை: திரவம் விரியும், இடமில்லாவிட்டால் வெடிக்கும்.

சான்றிதழால் கூலி ஏறவில்லை. "அரை மணி நேரத்துல முடிக்கிறவன் இருக்கான்பா" என்று லாட்ஜ் மேனேஜர் இன்னும் முணுமுணுக்கிறார். வேக்கத்துக்குத் தனியாக நேரம் எடுப்பேன், அதற்குத் தனி ரேட் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிலர் வேறு ஆளைக் கூப்பிடுகிறார்கள், போகட்டும். மைக்ரான் கேஜும் எடை மிஷினும் வாங்கிவிட்டேன். பழைய கேஸைத் திரும்ப எடுக்கும் ரெக்கவரி மிஷின்தான் தனியாளுக்குக் கட்டுப்படியாகாது. சத்துவாச்சாரி பக்கத்து மெக்கானிக்குகள் சிலர் பங்கு போட்டு வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். சீசனில் அது யார் வீட்டில் இருக்க வேண்டும் என்பதில்தான் இப்போதைக்குப் பஞ்சாயத்து.