மூணு கம்பி வருதா நாலு கம்பி வருதா

ஜனவரி 5
ஆஸ்பத்திரில அம்மாவோட ரிப்போர்ட் வரல.

ஜனவரி 6
ஆறாம் வகுப்புல போர்ஷன் எடுக்கல இன்னிக்கு. நேர்ப்புள்ளி வச்சு சிக்குக்கோலம் போடச் சொன்னேன், நடுவுல எங்கயும் மடக்கக் கூடாது, ஓரத்துல மட்டும் திருப்பணும், மொத்தம் எத்தனை கம்பின்னு, அதாவது கையெடுக்காம ஓடுற கோடு எத்தனைன்னு எண்ணணும், அவ்ளோதான் கணக்கு. 2க்கு 3, அதாவது ரெண்டு வரிசை, வரிசைக்கு மூணு புள்ளி போட்டா கையெடுக்காம ஒரே கம்பில முடியுது. 3க்கு 3ன்னா மூணு. கடைசி பெஞ்சுப் பய ஒருத்தன், ஏழாம் வாய்ப்பாடே தடுமாறுவான், எந்திரிச்சு "டீச்சர் ஒண்ணு ஒத்தப்படை ஒண்ணு ரெட்டப்படைன்னா ஒரே கம்பி"ங்கறான். 3க்கு 4, 4க்கு 5 எல்லாம் சரியா வந்துச்சு, கிளாஸே கைதட்டுது. தப்புன்னு எனக்குத் தெரியும். சொல்லல. கொஞ்ச நாள் தப்பாவே இருக்கட்டும்.

ஜனவரி 7
மழை. கதிர் முத்துற நேரத்துல இது எதுக்கு. தம்பி வயலுக்கும் ஆஸ்பத்திரிக்குமா அலையறான். ரிப்போர்ட் நாளைக்காம்.

ஜனவரி 8
நாளைக்காம்.

ஜனவரி 9
ஒரு பொண்ணு உடைச்சிட்டா. 3க்கு 6. ஒத்தை, ரெட்டை, ஆனா மூணு கம்பி. அவன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. போர்டுல அவன் சொன்னதையும் அவ கோலத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சேன், எதையும் அழிக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு அவனே 3க்கு 5 போட்டுட்டு வந்தான், ரெண்டும் ஒத்தை, ஒரே கம்பி. "அப்ப ஒத்தை ரெட்டை இல்ல டீச்சர், வேற என்னமோ." அந்த வேற என்னமோவைக் கேக்கத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். மீப்பெரு பொதுக் காரணின்னு வாயே திறக்கல. புக்குல இருக்கு, பரீட்சைல எழுதி மார்க்கும் வாங்கியாச்சு, இதுதான் அதுன்னு ஒருத்தருக்கும் படல பாருங்க.
ஹெச்எம் எட்டிப் பாத்துட்டு "கோலப் போட்டியா டீச்சர்"னு கேட்டுட்டுப் போறாரு.

ஜனவரி 10
கும்பகோணத்துல பஸ் மாறணும், நேரம் இருந்துச்சு, சாரங்கபாணி சன்னதித் தெரு வழியா நடந்தேன். ராமானுஜன் வீடு. டிசம்பர் 22 வந்தா படத்துக்கு மாலை போட்டு, மனப்பாடம் பண்ணிப் பேசுற பிள்ளைக்கு டம்ளர் பரிசு குடுக்கறோம். 1904ல டவுன் ஹைஸ்கூல்ல கணக்குக்குப் பரிசு வாங்குன மனுஷன், இதே ஊரு காலேஜ்ல மத்த பாடத்துல தோத்து ஸ்காலர்ஷிப்பே போச்சு. அதை எந்தப் பேச்சுப் போட்டிலயும் கேட்டதில்ல.
ஆஸ்பத்திரில ஸ்கேன் கவர் பின்னாடி 4க்கு 6 புள்ளி வச்சேன். அம்மா தூங்குதுன்னு நெனச்சேன். கண்ணத் தொறந்து பாத்துட்டு "அது ரெண்டாப் பிரியும்டி, 5க்கு 6 வையி"ன்னுச்சு. போடறதுக்கு முன்னாடியே! எப்படிம்மான்னா, ரெண்டையும் ரெண்டு ரெண்டாக் கட்டலாம்ல, பிரியத்தான் செய்யும், இதுல என்ன இருக்குன்னு திரும்பிப் படுத்துக்குச்சு. அஞ்சாவதோட நிப்பாட்டுன ஆளு.

ஜனவரி 12
திங்கக்கெழம பாக்கலாம்னாரு. இன்னிக்குத்தான் திங்கள். டாக்டர் லீவாம். எரிச்சலா வருது.

ஜனவரி 13
6க்கு 9, புள்ளி வைக்கறதுக்கு முன்னாடியே எத்தனைன்னு கேட்டேன். கடைசி பெஞ்சு "மூணு"ன்னான். ஏன்டா? "ரெண்டுத்தையும் மீதியில்லாம வகுக்கற பெரிய நம்பர் அதான டீச்சர்." போட்டுப் பாத்தோம், மூணு. உடனே அந்தப் பொண்ணு "இடுக்குப்புள்ளி வச்சா?"ங்கறா. இந்தப் பிள்ளைய என்ன பண்றது. பொங்கல் லீவுல போட்டுட்டு வான்னுட்டேன், நானும் போடணும், பக்கம் பக்கமா.
ரிப்போர்ட் வந்துடுச்சாம். என்னடான்னா தம்பி போன்ல சொல்ல மாட்டேங்கறான், நேர்ல வாக்காங்கறான். கடைசி பஸ்ஸப் பிடிக்கணும்.