ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர், ஒரு டம்ளர்

போன வாரம் ஒரு தோழி போன் போட்டு, "ஏதேதோ பண்றியாமே, எனக்கும் அந்த ஐடியாவெல்லாம் அனுப்பேன்" என்றாள். அவளுக்கும் என்னை மாதிரியே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி, ஈராசிரியர் பள்ளி. வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டி விரல் வலித்ததுதான் மிச்சம், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம். ஒன்றிலிருந்து ஐந்து வரை ஐந்து வகுப்பு, நானும் தலைமை ஆசிரியையும். அவர் மீட்டிங் என்று கிளம்பிவிட்டால் ஐந்தும் என் தலையில்தான். எண்ணும் எழுத்தும் என்கிற அரசுத் திட்டம் 2022இல் வந்ததிலிருந்து பிள்ளைகளை அவரவர் கற்ற நிலைக்குத் தகுந்தபடி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறோம், அதில் நல்ல செயல்பாடுகள் இருக்கின்றன, குறை சொல்லவில்லை. ஆனால் யூடியூபைப் பார்த்து நான் செய்த கூத்து வேறு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் சொந்தக் காசில் தெர்மாகோல், சார்ட், கலர் பேப்பர் எல்லாம் வாங்கி, ராத்திரி கண் விழித்துச் சூரியக் குடும்பம் செய்து மாட்டினேன். பிள்ளைகள் அரை மணி நேரம் பார்த்தார்கள். அடுத்த திங்கட்கிழமை வந்து பார்த்தால் சனிக்கிரகத்து வளையத்தை எலி கொண்டுபோயிருந்தது. அன்றைக்கு விட்டதுதான், அப்புறம் கடைக்குப் போய் எதுவும் வாங்குவதில்லை. தெருவிலோ வீட்டிலோ இருக்கிற ஒரு பொருளை எடுப்பது, ஐந்து வகுப்பும் அதையே சுற்றி உட்காருவது, ஆளுக்குத் தகுந்த வேலை. அவ்வளவுதான் என் முறை.

டம்ளர் கதைக்கு வருகிறேன். நம் வேலூருக்கு வருடத்தில் இரண்டு நாள் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும், ஏப்ரல் 24ஐ ஒட்டி ஒரு தடவை, ஆகஸ்ட் 18ஐ ஒட்டி ஒரு தடவை. நட்டு வைத்த பொருளுக்கு அந்த நேரத்தில் பக்கவாட்டில் நிழலே விழாது. ஒரு நாள் முன்னே பின்னே ஆனாலும் சின்னப் பொருளுக்குக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, அதனால் மேகம் மறைத்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். ஏப்ரலில் பரீட்சையும் லீவும் வந்து கெடுக்கும், ஆகஸ்டுதான் நமக்கு வசதி.

காலை பத்து மணிக்கே சத்துணவு டம்ளர் ஒன்றை முற்றத்து சிமெண்டுத் தரையில் வைத்தேன். நிழல் மேற்கே நீளமாகக் கிடந்தது. ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்கு நிழலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு இழுக்கிற வேலை. மூன்றாம் வகுப்பு அரை மணிக்கு ஒருதரம் கடிகாரம் பார்த்துக் கோட்டுக்குப் பக்கத்தில் நேரத்தை எழுதணும். நான்காவதும் ஐந்தாவதும் ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் பட்டியல் போடணும். பதினொன்றரைக்கு நிழல் குட்டையாகிவிட்டது, பன்னிரண்டுக்கு டம்ளரை ஒட்டி வந்துவிட்டது. ஆனால் மறையவில்லை! 12.15க்கும் டம்ளரைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் அப்படியே நின்றது. எனக்கு வேர்த்துவிட்டது, எல்லாரையும் வெயிலில் நிற்க வைத்திருக்கிறேன், உள்ளே சாம்பார் வாசம் வேறு வருகிறது. அப்போது நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் குனிந்து பார்த்துவிட்டு, "வாய் அகலமா கீது டீச்சர், அதான். கவுத்து வையுங்க" என்றான். கவிழ்த்தேன். நிழலைக் காணோம். ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒருத்தி தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்துப் பார்த்து, "டம்ளர் உள்ள பூந்துகிச்சு டீச்சர்" என்றாள்.

உண்மையைச் சொன்னால் கவிழ்ப்பது கொஞ்சம் கள்ளாட்டம்தான். டம்ளர் சுவர் சரிவாக இருப்பதால் நிழல் சில நிமிடம் முன்னாடியே ஒளிந்துகொள்ளும், பின்னாடியும் கொஞ்ச நேரம் வெளியே வராது. இப்போதெல்லாம் டம்ளருக்குப் பக்கத்தில் பழைய டார்ச் பாட்டரி செல் ஒன்றையும் நிற்க வைக்கிறேன், அது நேரான உருளை, ஏமாற்றாது. அதில் பார்த்தால் 12.17 வாக்கில் நிழல் மறைகிறது.

"உச்சி வெயில்னா பன்னெண்டு மணிதானே, ஏன் பதினேழு நிமிஷம் லேட்டு?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள், கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்த கடிகாரம், அந்தக் கோடு காக்கிநாடா பக்கம் போகிறது. நாம் ஏறக்குறைய 79இல் இருக்கிறோம். ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம் என்று ஐந்தாம் வகுப்பையே பெருக்க விட்டால் பதினாலு நிமிடம் வந்துவிடும். மீதி மூன்று நான்கு நிமிடம் பூமியின் சாய்வும் அது சுற்றுகிற பாதையும் செய்கிற வேலை, அதைப் பெரிய ஸ்கூலுக்கு விட்டுவிடலாம். அறிவியல், கணக்கு, சமூக அறிவியல் மூன்றும் ஒரு டம்ளரில் முடிந்தது. அன்றைக்குச் சாப்பாட்டுக்குத்தான் பத்து நிமிடம் தாமதம்.

தமிழுக்கு வேறொன்று. நம்மூரைப் பற்றிக் கேலியாக ஒரு பேச்சு உண்டே, தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை என்று. அதைப் பலகையில் எழுதிப்போட்டு, இது இன்னும் உண்மையா என்று வீட்டில் ஆயாவிடம் கேட்டு வரச் சொன்னேன். மறுநாள் ஒரே சண்டை. "சாமி கீது டீச்சர், நாங்க பாத்தோம்" என்று பாதிப் பேர். ஒரு பிள்ளையின் ஆயா மட்டும் விவரமாகச் சொல்லி அனுப்பியிருந்தார், சாமி முன்னே சத்துவாச்சாரியில் இருந்தது, அப்புறம்தான் கோட்டைக்குள் இருக்கிற கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள் என்று. 1981இல் நடந்தது அது. வரலாற்றுப் பாடம் தானாக வந்து மாட்டியது.

ஆற்றுக்குக் கயிறு எடுத்தேன். பாலாறு 348 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று சணல் கயிறு வெட்டி வராண்டாவில் நீட்டினோம். நந்தி மலையிலிருந்து கர்நாடகத்தில் 93, ஆந்திராவில் 33, மீதி? கழித்துப் பார்த்து 222 நம்முடையது என்று தெரிந்ததும் ஒருவனுக்குக் கோபமே வந்துவிட்டது, "இம்மாம் நீளம் நம்மள்துல கீது, அப்புறம் இன்னாத்துக்கு தண்ணி இல்ல?" அதற்கு நான் அணைக்கட்டுகளையும் மணலையும் பற்றிக் கொஞ்சம் சொன்னேன், முழுசாகச் சொல்ல என்னாலும் முடியவில்லை.

பிறகு ஆளுக்கொரு "இல்லாத" எழுதச் சொன்னேன். கொட்டை இல்லாத சீத்தாப்பழம், வீட்டுப்பாடம் இல்லாத வெள்ளிக்கிழமை, கத்தாத டீச்சர் (இதில் "இல்லாத" வரவே இல்லை, விட்டுவிட்டேன்). ஒருத்தி "நைனா இல்லாத வீடு" என்று எழுதியிருந்தாள். அவள் நைனா பெங்களூரில் கட்டட வேலை, மாதத்துக்கு ஒருதரம் வருவார். அதை மட்டும் சத்தமாகப் படிக்கச் சொல்லவில்லை.

கணக்கில் நான் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்லணும். மூன்றாம் வகுப்புப் பையன், 25ஆம் வாய்ப்பாடு என்றால் கூரையைப் பார்ப்பான். ஒருநாள் சும்மா, "ஆயிரம் பீடிக்கு எத்தனை கட்டுடா?" என்றேன். "நாப்பது" என்றான், கண் சிமிட்டுவதற்குள். அவன் அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார், கட்டுக்கு 25, கூலி ஆயிரத்துக்குக் கணக்கு. 300க்கு? பன்னிரண்டு. 450க்கு? பதினெட்டு. வகுத்தல் அவனுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது, ÷ குறிதான் தெரியவில்லை. அவனைப் புகையிலைத் தூள் பக்கம் உட்கார விடாதீர்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். "எண்ணித்தான் குடுப்பான் டீச்சர், கை வைக்க மாட்டான்" என்றார். நம்புவதா வேண்டாமா தெரியவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து ஒவ்வொரு பிள்ளை வீட்டிலும் எது எண்ணப்படுகிறது, எது அளக்கப்படுகிறது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், பால் லிட்டர், பூ முழம், செங்கல் லோடு, லுங்கித் தறி என்று. வேறு எந்தத் துணைக்கருவியையும் விட அந்த நோட்டு எனக்கு உபயோகம்.

கத்தரிக்காயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பக்கத்து ஊர்க் காய். ஆளுக்கொன்று கொண்டுவரச் சொல்லி, எடை போட்டு, வெட்டி விதை பார்த்து, தமிழில் கத்தரிக்காய், தெலுங்கு பேசுகிற வீட்டில் வங்காய, உருது வீட்டில் பைங்கன் என்று மூன்றும் பலகையில் எழுதினோம். ஒரு எச்சரிக்கை, காம்பில் நிஜமாகவே முள் இருக்கிறது, சின்னவர்கள் கையில் காம்பு கிள்ளியதைக் கொடுங்கள்.

கடைசியாகத் தீப்பெட்டி. குடியாத்தத்துப் பக்கம் சொந்தக்காரர்கள் உள்ள பிள்ளைகள் காலிப் பெட்டி மூட்டையாகவே கொண்டுவருவார்கள். பட்டை வரைபடம் நடத்த அதைவிட நல்லது கிடையாது. காலை உணவில் பொங்கல், கிச்சடி, உப்புமா என்று வராண்டாவில் மூன்று பெயர் எழுதி, யாருக்கு எது பிடிக்குமோ அதன் மேல் ஒரு பெட்டி அடுக்கச் சொன்னேன். பொங்கல் கோபுரம் இடுப்பு உயரத்துக்கு வந்து ஒருமுறை சரிந்து மறுபடி எழுந்தது, கிச்சடி சுமார், உப்புமாவுக்கு இரண்டே பெட்டி. பார்த்ததும் புரிகிறது, ஒன்றாம் வகுப்பும் சொல்லிவிட்டது எது கூட, எது குறைவு என்று. நான் பெருமையாகக் கலைக்காமல் சாயந்திரம் வரை விட்டுவைத்தேன், அங்கேதான் தப்பு செய்தேன். சமையல் செய்கிற அக்கா பாத்திரம் கழுவிவிட்டு அந்த வழியாக வந்து, இரண்டு பெட்டியையும் உப்புமா என்ற எழுத்தையும் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. வியாழக்கிழமை ருசி பார்க்கத் தட்டை நீட்டினேன், எனக்கு மட்டும் உப்புமா இரண்டு கரண்டி கூடவே விழுந்தது.