அட்டையில் சிறிதாக அச்சான பெயர்கள்

நூலகத்தில் என் வேலை துருக்கி மொழி நூல்களைப் பட்டியலிடுவது. பொருளாதார நூல் ஏதாவது கைக்கு வந்தால் வேகம் தானாகக் குறைந்துவிடும். விதிப்படி பதிவு மூல ஆசிரியர் பெயரில்தான். மொழிபெயர்ப்பாளர் கீழே ஒரு வரியில் வருவார். எனக்கு வேண்டிய கதை அந்த வரியில்தான் இருக்கிறது.

ஆடம் ஸ்மித்தின் பெரிய நூலான ‘நாடுகளின் செல்வம்’ ஹல்துன் தெரின் மொழிபெயர்ப்பில் துருக்கியருக்குக் கிடைத்தது 1940களின் இறுதியில். ஆனால் 1852லேயே சஹாக் அப்ரோ என்ற ஆர்மீனிய அதிகாரி, பிரெஞ்சுப் பொருளியலாளர் ழான் பாப்டிஸ்ட் சே கேள்வி பதிலாக எழுதிய சிறு நூலைக் கொண்டுவந்துவிட்டார். மேதைக்கு முன்னால் பாலபாடம் வந்து சேர்ந்தது நல்லதுதான். அது அரபு எழுத்தில் அச்சானது. 1928இல் லத்தீன் எழுத்து வந்ததும், புதிதாகப் படித்த பிள்ளைகளால் தாத்தா வாங்கி வைத்த புத்தகங்களை வாசிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

மார்க்ஸின் மூலதனத்தை 1933இல் ஹைதர் ரிஃபத் வெளியிட்டார். அது முழு நூல் அல்ல, காப்ரியேல் தெவில் பிரெஞ்சில் செய்த சுருக்கத்தின் மொழிபெயர்ப்பு. சுருக்கத்தின் நகல் என்று சிலர் முகம் சுளிக்கலாம். முழு நூலின் முதல் அத்தியாயத்தைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று அவர்களைக் கேட்க வேண்டும்.

1961 அரசியலமைப்பு இடதுசாரிகளுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் தந்தது. 1965 தேர்தலில் துருக்கி தொழிலாளர் கட்சி 15 இடங்களைப் பிடித்தது. 1970களில் அலாத்தின் பில்கி ஆங்கிலம் வழியாக மூலதனத்தை முழுதாக மொழிபெயர்க்க, முசாஃபர் எர்தோஸ்த்தின் சோல் பதிப்பகம் வெளியிட்டது. கம்யூனிச அமைப்புகளையும் பிரசாரத்தையும் தண்டித்த குற்றவியல் சட்டத்தின் 141, 142 பிரிவுகள் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்த காலம் அது. 1991இல்தான் அவை நீங்கின.

எர்தோஸ்த் என் பட்டியலில் இரண்டு வடிவங்களில் வருகிறார். 1980 ராணுவப் புரட்சிக்குப் பிறகு, அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, மாமாக் ராணுவச் சிறையில் அவருடைய தம்பி இல்ஹானைச் சிப்பாய்கள் அடித்தே கொன்றார்கள். அண்ணன் அந்தப் பெயரைத் தன் பெயருக்குள் சேர்த்துக்கொண்டார்: முசாஃபர் இல்ஹான் எர்தோஸ்த். விதிக்கு இது வெறும் ‘மாற்றுப் பெயர் வடிவம்’.

அப்புறம் அமெரிக்க எழுத்தாளர் லியோ ஹியூபர்மன். நிலப்பிரபுத்துவத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டுவரை கதைபோல் சொல்லும் அவர் நூலை முராத் பெல்கே மொழிபெயர்த்தார். நன்கொடையாக வரும் பிரதிகளில் முதுகு கிழியாததைப் பார்ப்பதே அரிது. பொருளாதாரம் படிக்க எங்கே தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன். ஸ்மித்தைக் கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் தேர்வுக்குப் படிப்பவர்கள்.